மெழுகுதிரி வளையமா, பாலன் குடிலா?

நத்தார் உடுப்போடும் கேக்கோடும் முடிந்துவிடாமல், நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக்காலத்தை பிள்ளைகளோடு வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது? ஞாயிறுதோறும் ஒரு திரி கூட்டி ஏற்றும் வளையம், இயேசு பாலன் பிறந்த காட்சியைச் சுரூபங்களால் காட்டும் குடில்: கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தோம்.

செலவு: வளையத்துக்கு மூன்று ஊதாத் திரி, ஒரு இளஞ்சிவப்புத் திரி. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். குடிலுக்குச் சுரூபங்கள் ஒருமுறைதான், ஆனால் உடையும். எங்கள் குடிலில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கு ஒரு கை இல்லை.

நேரம்: வளையத்துக்கு ஞாயிறு மாலை பத்து நிமிடம். ஒரு திரி, ஒரு வாசகம், ஒரு செபம். கொழும்புப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தினால்தான் முணுமுணுப்பு. குடிலோ தினமும் ஆள் கேட்கும்.

பிள்ளைகள் மனதில் நிற்பது: சந்தேகமில்லை, குடில்தான். தீவனத்தொட்டியை வெறுமையாக வைத்து, ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் போடுவார்கள். பாலன் 24ஆம் திகதி இரவுதான் வருவார். வைக்கோல் கிடைக்காவிட்டால் கடதாசித் துண்டு போதும். (மகன் தங்கச்சியின் துண்டுகளை எண்ணத் தொடங்கினான், அது தனிக் கதை.) அப்புறம், 1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் குடில் அமைத்ததையும் சொல்லலாம்.

வேலையால் களைத்து வரும் பெற்றோருக்கும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் வளையம் சரி. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நெருப்பு வேண்டாம், குடில்.