பெட்டியா, பையா? ஹிமாலயனில் ஆறு வருட லக்கேஜ் அனுபவம்

2019-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கியபோது லக்கேஜைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆபீஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏலகிரி போய் வந்தேன். திரும்பும்போது ஆம்பூரிலேயே தோள் இரண்டும் கடுக்க ஆரம்பித்தன. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடி பார்க்க முடியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தது, சுமை இனி வண்டியில்தான் இருக்க வேண்டும், உடம்பில் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வகையையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். முதலில் சீட்டுக்குப் பின்னால் கேரியரில் உட்காரும் 46 லிட்டர் டாப் பாக்ஸ். அப்புறம் இரண்டு பக்கமும் அலுமினிய சைடு பாக்ஸ். 2022-இலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் துணிப் பையான சாஃப்ட் சேடில் பேக், கூடவே சீட்டின் பின்பக்கம் கட்டும் ரோல் டாப் டெயில் பேக். இன்று மீட்டரில் 64,000 கிலோமீட்டர். இனி ஹார்டு லக்கேஜைப் பெட்டி என்றும் சாஃப்ட் லக்கேஜைப் பை என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பக்கவாட்டுப் பை வாங்குங்கள். நீங்கள் வழியில் அடிக்கடி இறங்கி வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர் என்றால் மட்டும் டாப் பாக்ஸ். அலுமினிய சைடு பாக்ஸ் சென்னையிலிருந்து கிளம்புகிற பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டாப் பாக்ஸின் அருமை எனக்குத் தெரிந்தது கோயில் வாசலில். நம் ஊரில் பைக்கில் சுற்றுவது என்றால் பாதிக்கு மேல் கோயில்தானே. மே மாதம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, முழங்கால் கார்டு, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெட்டி இல்லாத காலத்தில் ஜாக்கெட்டைக் கையில் சுமந்துகொண்டு, ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு, மனசை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போவேன். பெட்டி வந்த பிறகு அந்தக் கவலை போனது. எல்லாவற்றையும் உள்ளே திணித்துப் பூட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் போதும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமானம் நேராக ஏறும். ராஜேந்திர சோழன் கட்டிய இது உள்வாங்கி வளைந்து ஏறும். அந்த வளைவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பை கட்டிய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு என்னால் அப்படி நிற்கவே முடியாது.

அதே நாளில்தான் பெட்டியின் பூட்டும் மக்கர் பண்ணியது. சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை. பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் உள்ளே. பக்கத்துக் கடை அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேரனின் பென்சிலை வாங்கிக் கொடுத்தார். "முனையைச் சீவி அந்தத் தூளை ஓட்டைல ஊதுப்பா, எங்க வீட்டுப் பூட்டுக்கு அதான் போடுவோம்." பென்சில் முனை கிராஃபைட் என்பதால் அது உலர்ந்த மசகு மாதிரி வேலை செய்கிறது. மூன்றாவது முயற்சியில் சாவி திரும்பியது. எண்ணெய் விட்டிருந்தால் தூசியைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுகியிருக்கும். திருவான்மியூரில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு பூட்டைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. இப்போது மாதம் ஒரு தடவை பென்சில் தூள் போடுகிறேன்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. உள்ளே போடும் துணிமணிகளைத் தனியாகப் போடாதீர்கள். புடவைக் கடையில் கொடுப்பார்களே, அந்தக் கட்டைப்பை ஒன்றில் போட்டு அப்படியே பெட்டிக்குள் இறக்குங்கள். கும்பகோணத்தில் லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாவது மாடி அறை கிடைத்தால் கட்டைப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறலாம். பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும். அதற்கென்றே உள்பை விற்கிறார்கள், விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

சரி, டாப் பாக்ஸில் என்னதான் பிரச்சினை? இடம் இருக்கிறது என்பதே பிரச்சினை. 46 லிட்டர் இருந்தால் 46 லிட்டரையும் நிரப்பத்தான் கை போகும். நானும் டூல்ஸ், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர், கேமரா எல்லாவற்றையும் அதற்குள்தான் வைத்தேன். திண்டிவனம் தாண்டி 95-இல் போகும்போது ஹேண்டில் மெல்ல ஆட ஆரம்பித்தது. முதலில் டயர் என்று நினைத்தேன், பிறகு ஸ்டியரிங் பேரிங் என்று நினைத்தேன். மெக்கானிக் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியை எடை போட்டால் 13 கிலோ.

இதில் நடப்பது சாதாரண சீசா பலகைக் கணக்குதான். பெட்டியின் நடுப்பகுதி பின் சக்கர அச்சுக்குப் பின்னால் சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 1,465 மில்லிமீட்டர். அங்கே 13 கிலோ வைத்தால் முன் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் மூன்றரை கிலோ குறைந்துவிடும். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த 13 கிலோ உயரத்திலும் இருக்கிறது, வண்டியின் கடைசி முனையிலும் இருக்கிறது. ஒரு சின்ன அசைவைக்கூட அது பெரிதாக்கிவிடும். போதாக்குறைக்கு ஓட்டுபவரின் முதுகைத் தாண்டி வரும் காற்று பெட்டியில் மோதிச் சுழல்கிறது. டூல்ஸையும் தண்ணீரையும் எடுத்து வண்டியின் பக்கவாட்டில் கீழே கட்டினேன், பெட்டியில் நாலு கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. அன்றோடு ஆட்டம் நின்றது. பெட்டிக்கும் கேரியருக்கும் தனித்தனியாக எடை வரம்பு போட்டிருப்பார்கள். அதில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பல டாப் பாக்ஸ்களில் அது 10 கிலோவைத் தாண்டாது.

ஆட்டம் நின்ற சந்தோஷத்தில்தான் சைடு பாக்ஸ் வாங்கினேன். கீழே சுமை, பூட்டும் இருக்கும், இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. பார்க்கவும் லடாக் போகிற வண்டி மாதிரி இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் ஃபிரேமும் சேர்ந்து காலியாகவே 16 கிலோ. டேப் வைத்து அளந்தால் அகலம் 98 சென்டிமீட்டர், அதாவது ஹேண்டிலைவிட அதிகம். ஹேண்டில் நுழைந்த இடத்தில் பின்பக்கம் நுழையாது என்பதை மூளை லேசில் ஏற்றுக்கொள்ளாது. பரனூர் டோலில் ஓரமாக இருக்கும் டூவீலர் சந்தில் இடது பெட்டியைக் கட்டையில் உரசினேன். பெருங்களத்தூர் நெரிசலில் பெட்டியோடு கார்களுக்கு நடுவே நுழைய முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரை விட்டு வெளியேறவே ஒன்றரை மணி நேரம் ஆகும். ஜூலையில் நாகர்கோவில் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று அடிக்குமே, காற்றாலை எல்லாம் அங்கேதானே நிற்கிறது, அந்த இடத்தில் பெட்டிகளின் தட்டையான பக்கத்தில் காற்று மோதி வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. அந்தப் பத்து கிலோமீட்டரும் 50-க்கு மேல் போகவில்லை.

கொல்லிமலைதான் என் மனசை மாற்றியது. 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவில் மணல், வண்டி நடந்து போகிற வேகத்தில்தான் சாய்ந்தது. காலை ஊன்றினேன். வண்டி முன்னே நகர, ஊன்றிய காலின் கெண்டைச் சதையில் பின்னால் இருந்த பெட்டி வந்து இடித்தது. பூட்ஸ் உயரமானது என்பதால் கன்றிப்போனதோடு தப்பித்தேன். கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டியிருக்கும். கரடுமுரடான பாதையில் ஹார்டு சைடு பாக்ஸுக்குப் பலர் பயப்படுவது இதனால்தான். அந்தப் பயம் நியாயமானது.

அடிவாரத்துக்கு வந்து பார்த்தால் பெட்டியின் மூடி கோணிவிட்டது, ஃபிரேமில் ஒரு பைப் விரிசல் விட்டிருந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தினேன். அந்த அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெல்டு போகல தம்பி. வெல்டுக்குப் பக்கத்துல பைப்புதான் போயிருக்கு. இது இன்னைக்கு விழுந்ததுல வந்த விரிசல் இல்ல, பாரு, உள்ள துரு இருக்கு." உண்மைதான். விரிசலின் பாதி பழுப்பாக இருந்தது, மீதிப் பாதிதான் புதிதாகப் பளபளத்தது. மாதக்கணக்கில் அதிர்விலேயே மெல்ல மெல்ல விட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. "இஞ்செக்‌ஷன் வண்டிதானே? பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டிடு. இல்லன்னா ஃபிரேமைக் கழட்டிக் கீழ வை. வண்டியில வெச்சு நான் ராடு பிடிக்க மாட்டேன்." "சரிண்ணே, கழட்டியே தர்றேன்." அவர் விரிசலை மட்டும் அடைக்காமல், மேலே ஒரு சின்னப் பட்டியையும் வைத்துப் பற்றவைத்தார். சைடு பாக்ஸை விற்கும்வரை அந்த இடம் அசையவில்லை. இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி உள்ள வண்டியில் வெல்டிங் வைக்கும் எவரும் இந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைடு பாக்ஸை வாங்கிய விலையில் பாதிக்கும் கொஞ்சம் கீழே விற்றுவிட்டுப் பைக்கு மாறினேன். பையிலும் ஆரம்பத்தில் அடி வாங்கினேன். ஹிமாலயனில் சைலன்சர் வலது பக்கம் மேலே ஏறி வருகிறது. பையைச் சக்கரத்திலும் சைலன்சரிலும் படாமல் தள்ளிப் பிடிக்கும் கம்பியான சேடில் ஸ்டே இல்லாமல் சீட்டின் மேல் போட்டு இழுத்துக் கட்டினால் போதும் என்று முதல் பயணத்திலேயே கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டு தாண்டியதும் ஏதோ கருகும் நாற்றம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் பையின் அடிமூலை சைலன்சரில் உட்கார்ந்து, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு உருகிப் போயிருந்தது. உள்ளே இருந்த பனியனில் அதே அளவில் ஒரு பழுப்பு வட்டம். பை காலியாக இருக்கும்போது எட்டாத சைலன்சர், சுமை ஏறி, சஸ்பென்ஷன் அமுங்கி, மேடு பள்ளத்தில் பை குலுங்கும்போது எட்டிவிடும். சேடில் ஸ்டே இல்லாமல் பக்கவாட்டுப் பை மாட்டவே கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கினால் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது கிடைத்துவிடும்.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் பைக் எடுக்கும் நமக்கு இதுதான் பெரிய விஷயம். முதலில் வாங்கிய பை ஜிப் வைத்தது, மேலே போட்டுக்கொள்ள மழைக்கவர் தனியாக. மேல்மருவத்தூர் பக்கம் கவர் காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணாடியில் பார்க்கும்போதே அது லாரிக்கு அடியில் போய்விட்டது. லேப்டாப்பை மட்டும் தனியாகச் சுற்றியிருந்ததால் அது பிழைத்தது, துணி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மழைக்கவர் போட்ட பையை நான் இனி நம்ப மாட்டேன். வாயைச் சுருட்டிக் கொக்கி போடும் ரோல் டாப் பைதான் வாங்க வேண்டும். குறைந்தது மூன்று சுருட்டு. அதற்குள்ளும் ஒரு பெரிய குப்பைக் கவர் போட்டு, அதில் துணியை வைக்கிறேன். 2023 நவம்பரில் செஞ்சியிலிருந்து திருவான்மியூர் வரை நிற்காத மழையில் வந்தேன். வீட்டில் பிரித்தபோது துண்டு காய்ந்தே இருந்தது.

கட்டும் கயிறைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கொக்கி வைத்த எலாஸ்டிக் பஞ்சி கயிறைத் தூக்கிப் போடுங்கள். கை நழுவினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும், கண்ணே போகலாம். ஓடும்போது கழன்றால் சக்கரத்துக்குள் போகும். இழுத்து இறுக்கினால் நழுவாமல் கவ்விக்கொள்ளும் கேம் பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள். இறுக்கிய பிறகு மிச்சமாகத் தொங்கும் முனையைச் சுருட்டி வெல்க்ரோவால் ஒட்டிவிடுங்கள். செயினுக்குள் பட்டை முனை போனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டெயில் பேக் கட்டும்போது பின்னால் ஒரு தடவை நின்று பாருங்கள்: பின் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் தெரிய வேண்டும். கிளம்பி 20 கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி மறுபடியும் இறுக்குங்கள். அதற்குள் துணி அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும்.

பைக்கு நேரம் பிடிக்கும், அதை மறுக்க முடியாது. காலையில் கட்ட எனக்கு ஆறு ஏழு நிமிடம் ஆகிறது, டாப் பாக்ஸ் என்றால் ஒரு சாவித் திருப்பல். ஜிப் இருக்கும் இடங்களில் உப்புக் காற்று பிடித்து இறுகிவிடும். மெழுகுவத்தியை ஜிப் பல்லில் தேய்த்தால் சரியாகிவிடும். சைடு பேனலில் பை உரசி பெயிண்ட் போகாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஜவ்வாது மலையில் மழைக்கு மறுநாள் சேற்றில் வண்டி முழுசாகப் படுத்தபோது, பை அமுங்கிக்கொண்டு என் காலுக்கும் வண்டிக்கும் நடுவே மெத்தை மாதிரி நின்றது. காலை உருவிக்கொண்டு எழுந்தேன். சேற்றைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். கொல்லிமலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை என் கால் மறக்காது. பக்கவாட்டுப் பை இரண்டும் ஸ்டேயும் சேர்த்துக் காலி எடை 6 கிலோதான். சைடு பாக்ஸில் போன 10 கிலோ வித்தியாசத்துக்கு டூல்ஸ், செயினுக்கு அடிக்கும் லூப் ஸ்ப்ரே, டியூப், தண்ணீர் எல்லாமே அடங்கிவிடும்.

இப்போது வண்டியில் இருக்கும் ஏற்பாடு இது. ஆபீஸ் போகும் நாட்களில் ஓஎம்ஆர் வெயிலுக்கும் மழைக்கும் டாப் பாக்ஸ். ரெயின்கோட், ஹெல்மெட், திரும்பும்போது காய்கறி. மனைவியோடு கும்பகோணம், மதுரைப் பக்கம் என்றாலும் அதேதான், அவருக்கு முதுகுச் சாய்மானமும் வேண்டும். துணி பக்கவாட்டுப் பையில் போகும். தனியாக மலைக்குப் போவது என்றால் டாப் பாக்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு இரண்டு பையோடு கிளம்புவேன். கனமானது கீழே, காலுக்குப் பக்கத்தில். டெயில் பேக்கில் ஸ்லீப்பிங் பேக், துண்டு மாதிரி லேசானவை மட்டும். பின் டயரில், பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் வைக்கச் சொல்லியிருக்கும் காற்றளவு.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பையை மொட்டை மாடியில் நிழலில் தலைகீழாகக் காய வைக்கிறேன். நேர் வெயிலில் போட்டால் துணி வெளுத்துப் பொடிய ஆரம்பிக்கும். டாப் பாக்ஸின் தகட்டு போல்ட் நான்கையும் மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற திரெட் லாக்கர் போட்டு முடுக்கியிருக்கிறேன். மாதம் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்க்கிறேன். போன மாதம் வலது பக்கப் பின் போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.