ரேம்பா, ஜாக்கி ஸ்டாண்டா: வீட்டில் ஆயில் மாற்ற எது தோது?

எஞ்சின் ஆயிலை இனி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானதும், காரின் மூக்கை எதில் ஏற்றி நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. நான் ரேம்ப், அதாவது முன் சக்கரங்களை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை, வாங்கினேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஜாக்கியால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டை ஒரு மூலையில் போட்டுவிடலாம், ரேம்ப் இடத்தை அடைக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரத்தைக் கழற்றி பிரேக் வேலையும் பார்க்கலாம், ரேம்பில் முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை வைக்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே, தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுக்கு நடுவே. பெரும்பாலான சின்னக் கார்களில் ஸ்டாண்ட் உட்கார வேண்டிய இடமும் அதேதான். அங்கே ஜாக்கி இருந்தால் ஸ்டாண்டை எங்கே கொடுப்பது? தனியாக ட்ராலி ஜாக்கி (சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி) வாங்கி, மேனுவலில் காட்டியிருக்கும் நடு இடத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி ஆயில் சேம்பரில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பட்டால் சேம்பர் நசுங்கிவிடும். இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுத்துவிடுகிறார்கள். ஹைட்ராலிக் ஜாக்கியில் சீல் கசிந்தால் வண்டி தானாகவே இறங்கும். உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

ரேம்பில் தூக்குகிற கட்டமே இல்லை. வண்டி தன் டயரிலேயே நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுத்தால் சரி. ஒரே தொல்லை, போர்டிகோவில் டைல்ஸ் போட்டிருந்தால் டயர் ஏறும்போது ரேம்ப் முன்னால் வழுக்கும். அடியில் ரப்பர் மேட் கட்டாயம். பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னால் யாரும் நிற்கவே கூடாது. பம்பர் தாழ்ந்த வண்டி என்றால், ரேம்ப் இடிக்குமா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

மூக்கு தூக்கி நிற்பதால், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் சேம்பரின் பின்பக்கம் இருந்தால் ஆயில் நன்றாக வடியும். முன்பக்கம் இருந்தால் கொஞ்சம் உள்ளே தங்கும். முன்பக்கம் மட்டும் ஸ்டாண்டில் ஏற்றினாலும் இதே கதைதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சும் பம்ப். காருக்கு அடியில் போகவே வேண்டாம் என்பதால் பாதுகாப்பில் இதுதான் முதல். ஆனால் நான் இதை நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. அவர் காரில், ஆயிலோடு சேர்த்து மாற்றும் ஃபில்டர் மேலிருந்தே கைக்கு எட்டும். என் காரில் ஃபில்டர் அடியில் இருக்கிறது, எப்படியும் கீழே போய்த்தான் ஆக வேண்டும். குழாய் சேம்பரின் அடிமட்டம் வரை போகாத வண்டிகளில் பழைய ஆயில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இன்னொரு பக்கம், உறிஞ்சிய ஆயில் அதன் தொட்டியிலேயே அடைபட்டிருப்பதால் தரையில் ஒரு சொட்டு விழவில்லை. ரேம்ப் வேலையில் எனக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. அகலத் தட்டுக்கு அடியில் அட்டையையும் விரித்துத்தான் சமாளிக்கிறேன்.