டீசல் காருக்கு ஏர் ஃபில்டர்: காகிதமா, காட்டனா, கூம்பா?

ஏர் ஃபில்டரை மாற்றினால் வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டீசல் எஞ்சின் எரிபொருளுக்குத் தேவையானதைவிட எப்போதும் கூடுதல் காற்றையே இழுக்கிறது. இழுவையைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் தெளிக்கும் டீசலின் அளவு. அந்தக் கணக்கு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் இருக்கிறது. ஃபில்டரை மாற்றினால் அது மாறாது.

நம் சாலைகளில் ஏராளமாக ஓடும் ஸ்விஃப்ட் டீசலின் 75 பிஎஸ் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1248 சிசி, 4000 ஆர்பிஎம் என்றால் சிலிண்டர்களுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2500 லிட்டர் காற்று போகும். டர்போ அழுத்திக் கொடுப்பதால் ஃபில்டர் வழியே போவது அதில் ஏறக்குறைய இருமடங்கு. அப்போதும் சுத்தமான காகித ஃபில்டரில் அழுத்த இழப்பு ஓரிரு கிலோபாஸ்கல்தான். வெளிக்காற்றின் அழுத்தமோ 100. அந்த இழப்பும் பெரும்பாலும் ஈடாகிவிடும், ஏனென்றால் டர்போவின் அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் வால்வு திறப்பது டர்போவைத் தாண்டிய அழுத்தத்தைப் பொறுத்துத்தான்.

அதே பெட்டிக்குள் பொருந்தும் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் சில ஆயிரம் ரூபாய். கழுவிக் கழுவிப் பல வருடம் போடலாம். லாபம் அவ்வளவுதான். வடிகட்டுவதில் காகிதத்துக்கு ஒரு படி கீழே. 100 கிராம் தூசியில் 99.5 சதவீதத்தைத் தடுக்கும் ஃபில்டர் அரை கிராமை விடும். 98 சதவீதம் என்றால் 2 கிராம், அதாவது நான்கு மடங்கு. மணல்துகள் டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, கழுவியபின் எண்ணெயை அள்ளி ஊற்றுவது. அது காற்றோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் மெல்லிய படலத்தில் படியும். சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டும். புகை வராமலிருக்க ஈசியு டீசலைக் குறைக்கும். எம்ஏஎஃப் அளவீடு சரியில்லை என்று காட்டும் பி0101 பிழைக் குறியீடு, மேட்டில் இழுவைக் குறைவு, எல்லாம் இங்கிருந்துதான். கழுவும்போது சுத்தமான பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள், நிழலில் உலரவிடுங்கள், கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம். மடிப்புக்கு ஒரு மெல்லிய கோடாக எண்ணெய் விட்டு, நிறம் சீராகப் பரவியபின் மாட்டுங்கள்.

பெட்டி இல்லாமல் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டரை டீசலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பானெட்டுக்குள் வெந்த காற்றைத்தான் அது இழுக்கும். 35 டிகிரிக் காற்று 60 டிகிரியானால் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறையும். ஃபில்டரில் மிச்சம் பிடித்ததைவிட இது பெரிய நஷ்டம். எம்ஏஎஃப் சென்சாரை 10 சதவீதம் அகலமான குழாயில் மாட்டினால் குழாயின் பரப்பு 21 சதவீதம் கூடும், அளவீடு தப்பும். பம்பருக்குள் குழாயை இறக்கினால் வெப்பம் தீரும், ஆனால் மழைத்தண்ணீரை ஒருமுறை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டர்போ விசில் மட்டும் சத்தமாகக் கேட்கும். வேகம் கூடியதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

சந்தேகமிருந்தால் ஈசியுவின் அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, மூன்றாவது கியரில், போக்குவரத்து இல்லாத ஒரே சாலையில், 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, இரண்டு ஃபில்டரோடும் பூஸ்ட் அழுத்தம், காற்றின் அளவு, உள்வரும் காற்றின் வெப்பம் மூன்றையும் பதிவு செய்து பாருங்கள்.

பிக்கப் மந்தமாக இருக்கிறது என்றால் முதலில் டர்போ ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப், புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அதன்பின் சில நூறு ரூபாயில் புதிய காகித ஃபில்டர் போடுங்கள். மண்சாலையில் ஓடும் வண்டிக்கு, கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, தூசி ஒட்டினால் எங்கோ ஓரம் வழியே காற்று நுழைகிறது என்று அர்த்தம்.