78,500 ரூபாய் போச்சு: சர்ஃபிங் பேக்கேஜ்னு சொல்லி அட்வான்ஸ் கேக்குறவங்ககிட்ட உஷாரா இருங்க

விளவங்கோடு, நெய்யாற்றின்கரை பக்கத்து ஆளுங்க, குறிப்பா நாப்பது தாண்டி மறுபடியும் அலைல ஏறலாம்னு ஆசைப்படுறவங்க, இதை முழுசா படிச்சிருங்க. எனக்கு 78,500 ரூபாய் போயிருக்கு. ஊர் திரும்பி இன்னும் பெட்டிகூட பிரிக்கல. ஆத்திரத்துல தூக்கம் வரல, அதான் ராத்திரியோட ராத்திரியா எழுதுறேன். என்னென்ன பாக்கணும்னு கடைசில விரிவா சொல்றேன்.

புகார் குடுத்திருக்கிறதால கடை பேரை எழுதல. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளால, மாடியில இருக்குற சின்ன ட்ராவல்ஸ்னு மட்டும் வெச்சுக்குங்க. ஃப்ளைட் டிக்கெட், விசா, வேளாங்கண்ணி பஸ் எல்லாம் போடுறவங்க. இப்ப கொஞ்ச நாளா ‘சர்ஃபிங், டைவிங்’னு பேனர் கட்டியிருக்காங்க. நடத்துறவன் நம்ம பேச்சு பேசுற தமிழ்ப் பையன்தான்.

எனக்கு வயசு 48. கல்யாணத்துக்கு முன்னாடி கோவளம் லைட்ஹவுஸ் பீச்ல சர்ஃபிங் பழகினவன். வெளிநாட்டுக்காரங்க ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போற போர்டுல, உடைஞ்ச எடத்துல ரெசின் பூசி ஒட்டி, அதுல ஏறித்தான் நாங்க கொஞ்சம் பேர் கத்துக்கிட்டோம். 2004 டிசம்பர் 26 சுனாமில குளச்சல்லயும் கொட்டில்பாட்டுலயும் நடந்ததைப் பாத்த பிறகு அம்மா என்னைக் கடல்ல எறங்க விடல. அப்புறம் கல்ஃப், பிள்ளைங்க படிப்பு, வீடு. நம்ம கரையும் பழைய மாதிரி இல்ல. கடலரிப்புக்குக் கல் கொட்டி, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுப் போற தூண்டில் வளைவு கட்டி, மணல் கிடக்குற எடமே கொறஞ்சு போச்சு. பாறாங்கல்லுக்குப் பக்கத்துல போர்டோட அலைல வர்றது உயிரோட விளையாடுற வேலை.

சர்ஃபிங்குக்கு இலங்கைல இருக்குற வெலிகமவைத் தேர்ந்தெடுத்தது நான்தான், விசாரிச்சுத்தான் எடுத்தேன். அது விரிகுடா, அடியில மணல், அலை மெதுவா உடையும். விழுந்தாலும் பெரிசா அடிபடாது. கொஞ்சம் மேற்கே மிதிகம போனா அடியில ரீஃப், அதாவது பாறை, பழக்கம் விட்டுப் போனவனுக்கு அது வேண்டாம். இலங்கையோட தெற்குக் கரைக்கு நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன். மே மாசத்துக்கு மேல கிழக்கே அறுகம் குடாவுக்குப் போவாங்க. நான் போனது சரியான மாசம், சரியான கடல்.

இப்ப அந்தக் கடையில நடந்ததைச் சொல்லணும். அவன் என்னை எப்படி நம்ப வெச்சான்னு தெரிஞ்சாதான் உங்களுக்கு உஷார் வரும்.

நானும் வீட்டுக்காரியும் போனோம். சாயா வாங்கிக் குடுத்தான். விலையைப் பத்தி முதல்ல ஒரு வார்த்தை பேசல. “எத்தனை கிலோ இருக்கீங்க அண்ணா? முட்டி வலி உண்டா? ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்கா?” அப்புறம், “எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாப்போம்”னான். தூக்கினேன். “வலது தோள் முழுசா வரலியே அண்ணா. பேடில் பண்ணும்போது, அதான் போர்டுல படுத்துக் கையால தண்ணியைத் தள்ளும்போது, இங்கதான் பிடிக்கும். போறதுக்கு முன்னாடி தினம் சுவத்துல கை வெச்சு நீட்டிப் பழகுங்க”ன்னான். என் தோள் பிடிப்பு எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். ஒரு பேடை எடுத்து எழுதினான்: 84 கிலோ. 9 அடி போர்டு. சாஃப்ட் டாப் (மேல மெத்துன்னு இருக்குற போர்டு). காலை 6 மணி. மேல கொட்டை எழுத்துல என் பேர். அந்தத் தாளை என்கிட்டயே கிழிச்சுக் குடுத்தான், இன்னும் பர்ஸ்லதான் இருக்கு.

சொன்னது எதுவும் தப்பில்லைங்கிறதுதான் இதுல கொடுமை. பழக்கம் விட்டவனுக்கு, அதுவும் நம்ம எடைக்கு, நீளமும் கனமும் உள்ள பெரிய போர்டுதான் வேணும். சின்னது குடுத்தா பேடில் பண்ணியே கை ஓஞ்சிரும். காலைலதான் காத்து அடங்கியிருக்கும், தண்ணி வழவழன்னு கெடக்கும். வெவரம் எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏமாத்தியிருக்கான்.

அப்புறம் வெலிகமக்கு வீடியோ கால் போட்டான். பின்னாடி கடல், வரிசையா போர்டு சாத்தி வெச்சிருக்கு, முன்னால ஒரு பையன் கை காட்டுறான். “இவன்தான் அண்ணா உங்க கோச். அம்பது வயசுக்காரங்களுக்குன்னே தனி பேட்ச் வெச்சிருக்கோம்.” வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வந்த என் வீட்டுக்காரி அந்த எடத்துலதான் எளகினா. “வெவரமான பையனா தெரியுதுங்க, குடுத்திருங்க”ன்னா. அவ மாசாமாசம் கட்டிப் பிடிச்ச சீட்டுப் பணத்துலேருந்து 78,500 ரூபாய். ரூம், கோச், போர்டு வாடகை, காலைச் சாப்பாடு எல்லாம் சேத்து. ஃப்ளைட் தனி. “கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா ஜிஎஸ்டி ஏறிரும் அண்ணா, எனக்க நம்பருக்கே அனுப்பிருங்க”ன்னான். அனுப்பினேன். சீல் குத்தி ஒரு வவுச்சர் குடுத்தான்.

திருவனந்தபுரத்துலேருந்து கொழும்பு பக்கம்தான். கட்டுநாயக்க ஏர்போர்ட்லேருந்து வேன் பிடிச்சு வெலிகம போய்ச் சேரும்போது நல்லா இருட்டிருச்சு. விடுதி நடத்துற அம்மா சிங்களம்தான் பேசுவாங்க, இங்கிலீஷ் அரைகுறை. வவுச்சரை வாங்கி, கண்ணாடி போட்டு, பெரிய பேரேட்டைத் திறந்து, விரலை ஒவ்வொரு வரியா எறக்கிக்கிட்டே வந்தாங்க. பக்கம் முடிஞ்சுது. மறுபடியும் மேலேருந்து. அப்புறம் என் முகத்தைப் பாத்தாங்க. எனக்கு அப்பவே வயிறு கலங்கிருச்சு.

பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் வெலிகம முஸ்லிம், தமிழ் பேசுறவர். அவர்தான் கேட்டுச் சொன்னார்: “நானா (அண்ணா), ஒங்கட பேருல ரூம் கேட்டு மெயில் வந்தீக்கிது. காசு வரல்ல. ரெண்டு தரம் கேட்டும் பதில் இல்லையாம். அதால வேற ஆக்களுக்குக் குடுத்துட்டாங்களாம்.” அந்த நல்ல மனுஷன் ராத்திரில நாலு எடம் சுத்தி எங்களுக்கு வேற ரூம் பிடிச்சுக் குடுத்தார். சீசன் நேரம், வாடகை டபுள். கார்டுல தேச்சேன்.

காலைல கடற்கரைல அந்த ‘கோச்’சைத் தேடிக் கண்டுபிடிச்சேன். வீடியோல பாத்த அதே முகம். ஆட்டோக்காரர் மூலமாப் பேசினா, அவனுக்கு என் பேரே தெரியாது. இந்தியாலேருந்து ஒருத்தன் ஃபோன் பண்ணி, கஸ்டமர் நெறைய அனுப்புறேன், இப்ப ஒருத்தருக்குக் கை மட்டும் காட்டுன்னு சொன்னானாம். அவ்வளவுதான் அவனுக்கும் இவனுக்கும் தொடர்பு. ஒரு பைசா அவனுக்குப் போகல. கை காட்டினதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டான் அந்தப் பையன். பணத்தை முழுங்கினவன் இதுவரைக்கும் கேக்கல.

பெரிய சாஃப்ட் டாப் எல்லாத்தையும் கேம்ப்காரங்க மொத்தமா எடுத்துட்டாங்க. எனக்குக் கெடச்சது ஏழரை அடி ஹார்டு போர்டு. அதுல நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. வெளிய அலை உடையுற எடத்துக்குப் போய்ச் சேரவே தோள் கழண்டுரும் போல இருக்கும். எந்திரிக்கும்போது இடுப்பு மடங்கி வர்றதுக்குள்ள அலை போயிரும். ஒரு தடவை விழுந்ததுல போர்டோட ஓரம் விலாவுல குத்தி, இப்பவும் இருமினா வலிக்குது. நேரமும் வீணாச்சு. காலைல கடல் நல்லாயிருக்கும்போதெல்லாம் நான் அந்த ட்ராவல்ஸ்காரனுக்கு ஃபோன் போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னேன்.

ஒரே ஒரு காலை மட்டும் அந்தப் பையன் அவனோட சொந்த ஒம்பதடி போர்டைக் குடுத்து, கூடவே தண்ணில எறங்கி, அலை வரும்போது “இப்ப!”ன்னு தள்ளிவிட்டான். எந்திரிச்சு நின்னேன். கரை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். அந்த சந்தோஷத்தை என்னால சொல்ல முடியாது, அம்மா உயிரோட இருந்திருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். வீட்டுக்காரி எடுத்த ஃபோட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டேன். இந்த ஃபோட்டோவை ஞாபகம் வெச்சுக்குங்க.

ட்ராவல்ஸ்காரன் பதிலைக் கேளுங்க. முதல் நாள்: “சின்ன கன்ஃபியூஷன் அண்ணா, அரை மணி நேரத்துல சரியாயிரும்.” அடுத்த நாள்: “இன்னைக்கு அங்க போயா அண்ணா, பேங்க் லீவு.” பௌர்ணமி நாள்ல இலங்கைல பேங்க் மூடியிருக்கும், அது உண்மை, அதனால நம்பினேன். அதுக்கடுத்த நாள் பேங்க் தெறந்துச்சு, இவன் ஃபோனை எடுக்கல. வாட்ஸாப்ல நீல டிக் மட்டும் விழுது. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “கொழும்புல எங்க பார்ட்னர் பாத்துக்குவார், நீங்க டென்ஷன் ஆகாம என்ஜாய் பண்ணுங்க அண்ணா.” பார்ட்னர் நம்பர் கேட்டா பதில் இல்ல.

ஊருக்கு வந்த கையோட கடைக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, “சார் கோட்டயம் போயிருக்கு”ன்னு சொல்லுது. உள்ள அவன் சத்தம் கேக்குது. நான் நகரலன்னதும் வெளிய வந்தான். சாயாவும் இல்ல, அண்ணாவும் இல்ல. ஃபோனை என் முன்னால நீட்டுறான். என் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கான். “சாரே, நீங்க போர்டுல நிக்கிற ஃபோட்டோ இது. கூட நிக்கிறது எங்க கோச். சர்வீஸ் கெடச்சாச்சு. ரீஃபண்ட் எப்படித் தர்றது?” அந்தப் பையன் இரக்கப்பட்டுச் செஞ்ச உதவியை இவன் 78,500 ரூபாய்க்குக் கணக்குக் காட்டுறான்! என் கை அவன் சட்டைக்குப் போயிருக்கும், வீட்டுக்காரி பிடிச்சு இழுத்துட்டா. கடைசியா, “கிரெடிட் நோட் தர்றேன், அடுத்த சீசன் அறுகம் குடா போயிட்டு வாங்க”ன்னான். 78,500 ரூபாயைப் பிடுங்கிக்கிட்டு, மறுபடியும் அவன்கிட்டயே போகணுமாம்.

போலீஸ் கதை தனி. இந்தப் பக்க ஸ்டேஷன்ல, “கடை கேரளால இருக்கு, அங்க குடுங்க”ன்னாங்க. அந்தப் பக்கம் போனா, “பணம் அனுப்பினது தமிழ்நாட்டுலேருந்துதானே, அங்க குடுக்கணும்”. 1956ல ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல கோடு போட்டாலும் போட்டாங்க, திருடன் அந்தக் கோட்டு மேல கடை போட்டு உக்காந்திருக்கான். எந்த எல்லைல நடந்திருந்தாலும் புகாரை வாங்கியே ஆகணும்னு புது குற்றவியல் சட்டத்துல இருக்கு, 2024 ஜூலை 1லேருந்து நடைமுறைல இருக்கு. அதை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் நீட்டின பிறகுதான் ரசீது குடுத்தாங்க. நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்லயும் போடப் போறேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கடை எந்த ஸ்டேட்ல இருந்தாலும் சரி. குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமும் கிடையாது.

விரிவா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. சுருக்கமா சொல்றேன். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. வீடியோ கால்ல முகம் காட்டுறதை நம்பாதீங்க, அந்த ஆள்கிட்ட நேரா உங்க பேரையும் தேதியையும் கேளுங்க. வெலிகமல போர்டும் கோச்சும் கடற்கரைலயே கெடைக்கும், இங்கேயே பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. சீசன்ல போறதா இருந்தா பெரிய போர்டுக்கு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. எல்லா மெசேஜையும் அழியுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, என்கிட்ட பேசினதுல பாதியை அவன் அழிச்சுட்டான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மாடியில இருக்குற ட்ராவல்ஸ்ல யாராவது சர்ஃபிங்குக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா, வவுச்சர்ல இருக்குற விடுதிக்கு நீங்களே நேரா ஃபோன் போட்டு, பணம் வந்துச்சான்னு கேளுங்க. கெளம்புற அன்னைக்கு இல்ல, இப்பவே போடுங்க.