"டென்டல் பேட்ச்" என்று யாராவது சொன்னால் காசைக் கட்டாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் கோச்சிங் தேடப் போங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு சென்டர், "பி.டி.எஸ்.ஸுக்குத் (பல் டாக்டர் படிப்பு) தனி பேட்ச், தனி சிலபஸ், தனி டெஸ்ட்" என்று சொல்லி 2024-ல் என் தங்கையைச் சேர்த்துக்கொண்டது. பெயரைப் போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் கடை விரிப்பார்கள்.

பல் மருத்துவத்துக்கென்று தனி நுழைவுத் தேர்வு நம் நாட்டில் கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே நீட்தான். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். தமிழ்நாட்டில் கலந்தாய்வு நடத்துவதும் இரண்டுக்கும் அதே கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு. பி.டி.எஸ். சீட் கொஞ்சம் குறைந்த மார்க்கிலும் கிடைக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இந்த வியாபாரம். நீட் கோச்சிங் 70,000 ரூபாய், "டென்டல்" என்றால் மேலே 15,000. உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு பேட்ச் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். குடிதண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை ஊர்க்காரர்கள் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே "ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடுவது) பாதிப்புக் குறைப்பு" என்று சேர்த்திருப்பது இதனால்தான். அந்தத் தண்ணீர் 2013-க்குப் பிறகுதான் வந்தது. பல் உருவாகும் வயதில் ஏறும் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தங்கை சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். பல் டாக்டர் ஆக வேண்டும் என்று அவள் ஆறாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். சென்டர் கவுன்டரில் இருந்தவர் அதைக் கவனித்துவிட்டார். "உங்க ஊருக்கு ஒரு பல் டாக்டர் வேணும்மா, அது நீதான்" என்றார். அப்பா அந்த இடத்திலேயே மடியிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார். (சேலத்திலிருந்து வர வேண்டிய இயற்பியல் சார் வராத நாட்களில் இதே கவுன்டர்காரர்தான் இயற்பியல் நடத்தினார். வந்த நாட்கள் குறைவு.)

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழில் மெட்டீரியல் என்றார்கள். அட்டை மட்டும் தமிழ், உள்ளே ஆங்கில ஜெராக்ஸ். அதுவும் பழசு. 2024 தேர்வுக்கே சிலபஸைக் குறைத்துவிட்டார்கள்: உயிரியலில் செரிமானம் போய்விட்டது, வேதியியலில் திட நிலைமை, பலபடிகள் போய்விட்டன. இங்கே அதையெல்லாம் வாரக்கணக்கில் நடத்தினார்கள். தங்கை கேட்டதற்கு, "கூடப் படிச்சா தப்பா பாப்பா?" என்று பதில்.

மாதிரித் தேர்வில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொரோனா காலத்தில் வந்த முறைப்படி 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொல்வது 2024 வரை இருந்தது. 2025 ஜனவரியில் நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமை அதை எடுத்துவிட்டு, பழையபடி 180 கேள்வி, மூன்று மணி நேரம், சாய்ஸ் கிடையாது என்று அறிவித்தது. சென்டரில் ஏப்ரல் வரைக்கும் 200 கேள்வித் தாள்தான். அதை விடுங்கள், நெகட்டிவ் மார்க்கையே கழிக்கவில்லை. சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்பது நீட் எழுதும் எல்லாருக்கும் தெரியும். 100 சரி, 80 தப்பு என்றால் வர வேண்டியது 320. இவர்கள் 400 என்று எழுதி அப்பாவின் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். அப்பா அதை டீக்கடையில் காட்டிக்கொண்டிருந்தார். மே 4-ம் தேதி நிஜத் தேர்வில் இயற்பியல் தாள் போட்டு அடித்ததில் எல்லா ஊர் பிள்ளைகளும்தான் திணறினார்கள். ஆனால் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு வரலாம் என்ற பழக்கமே இல்லாமல் உள்ளே போனவள் என் தங்கை. எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டிருக்கிறாள், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

ரிசல்ட் வந்த பிறகு அடுத்த ஆட்டம். விண்ணப்பம் போடும்போது "நாங்களே போட்டுத் தர்றோம்" என்று பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் இருந்த கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டும் சென்டருடையவை. ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்குப் போகும். எங்கள் பிள்ளையின் மார்க் எங்களுக்குத் தெரியும் முன்பே யாரோ ஒரு "அட்மிஷன் கன்சல்டன்ட்" அப்பாவைக் கூப்பிட்டு, "சேலம் பக்கம் டென்டல் காலேஜ்ல சீட் பிளாக் பண்ணித் தர்றேன், ரெண்டு லட்சம் அட்வான்ஸ்" என்றார். இவள் அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்று அப்பா கேட்டிருக்கிறார். "ரெண்டாவது தடவை எழுதுனா அது கிடையாதுங்கண்ணா, இப்பவே போட்டாத்தான்" என்று பதில். சுத்தப் பொய். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும், திரும்ப எழுதுபவர்களுக்கும் உண்டு, அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டும். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடும் இதே தேர்வுக் குழுவின் கலந்தாய்வில் நீட் மார்க் வரிசைப்படிதான் நிரப்பப்படுகிறது. இதில் யாரும் எதையும் பிளாக் செய்ய முடியாது. நல்ல வேளையாக அப்பா என்னிடம் கேட்காமல் பணம் அனுப்பவில்லை.

மார்க் ஷீட்டைக் கேட்டால், பேலன்ஸ் 12,000 கட்டச் சொன்னார்கள். பேலன்ஸ் எதற்கு என்றால், "மெட்டீரியல் சார்ஜ்". நான் ஓசூரில் ஷிப்ட் வேலை, லீவு போட்டுப் போய் நின்றால் மேனேஜர் இல்லை என்பார்கள். கடைசியில் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போன பிறகு, மார்க் ஷீட் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன. பணம் வரவில்லை. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எங்களோடு சேர்ந்த ஒரு பையன் டிசம்பரில் விலகியபோது இதைக் காட்டிக் கேட்டான். "அது டெல்லி ரூல்" என்று சிரித்தார்கள். வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை, ஆனாலும் புகாரில் எழுத உதவுகிறது.

வாசலில் இருந்த ஃபிளெக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "எங்கள் மாணவர்" என்று மாலையோடு ஒரு பையன் படம். அவன் காரிமங்கலத்துக்காரன், எங்களுக்குத் தெரிந்த குடும்பம். அங்கே அவன் எழுதியது ஒரு இலவச மாதிரித் தேர்வு, அவ்வளவுதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் போட்ட விதிப்படி, தேர்வான பிறகு மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் படம் போடக் கூடாது, அவர் எந்தக் கோர்ஸ், எத்தனை நாள் படித்தார் என்றும் போட வேண்டும். அப்படிப் போட்ட ஃபிளெக்ஸை எங்கள் மாவட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கே சேர்ந்தாலும் ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீது கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு, அதை நிரூபிக்கத்தான் இப்போது பாடாகப் படுகிறோம். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு எண்ணைப் போடுங்கள். தங்கை இப்போது வீட்டிலிருந்தே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் முகமை வெளியிட்ட பழைய வினாத்தாள்களையும் வைத்துப் படிக்கிறாள். மைனஸ் போட்டுத் திருத்துவது நான்.

அதே பேட்சில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், துண்டுச் சீட்டையும் எஸ்.எம்.எஸ்.களையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுங்கள். கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும், 2024-ல் பணம் கட்டியவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.