சாய்வுக் குழாய் வரைய எது: ஆட்டோகேட், ரெவிட், சிவில் த்ரீடி?

சாய்வில் ஓடும் கழிவுநீர் லைனில் பம்பு கிடையாது. நீர் தன் எடையிலேயே ஓட வேண்டும். அதனால் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட எந்த மட்டத்தில் போகிறது என்பதுதான் டிசைனரின் வேலை. தலைப்பில் உள்ள மூன்று வரைபட மென்பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே கேட்க வேண்டும்: உங்கள் சாய்வு எதில் போய் இடிக்கிறது? கட்டடத்துக்குள் என்றால் பீமும் ஃபால்ஸ் சீலிங்கும். வெளியே என்றால் தரைமட்டமும், தெருவில் ஏற்கெனவே கிடக்கும் பாதாளச் சாக்கடையின் இன்வர்ட்டும் (குழாய் உட்புறத்தின் அடிமட்டம்).

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பார்க்கலாம். சமதரை. 150 மி.மீ. குழாய், 6 மேன்ஹோல், 30 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் 150 மீட்டர். முதல் மேன்ஹோலில் இன்வர்ட் ஆழம் 0.90 மீ. நடுவில் உள்ள 4 மேன்ஹோலிலும் தலா 30 மி.மீ. இறக்கம். 1:150 சாய்வில் குழாய் 1.00 மீ இறங்கும், மேன்ஹோல்களில் 0.12 மீ, கடைசி ஆழம் 2.02 மீ. தெருச் சாக்கடை 1.80 மீட்டரில் இருந்தால் இந்த டிசைன் சேராது. 1:200 என்றால் 0.75 மீட்டர்தான் இறங்கும், கடைசி ஆழம் 1.77 மீ. 3 செ.மீ. மிச்சத்தில் தப்பிக்கிறது. நீரோட்ட வேகத்துக்கான மேனிங் சூத்திரத்தில் n (குழாயின் சொரசொரப்பு எண்) = 0.013 போட்டால் நிரம்பி ஓடும்போது வேகம் நொடிக்கு 0.61 மீ வருகிறது. வண்டல் தங்காமலிருக்க வழக்கமாகக் கேட்கப்படும் 0.6-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆட்டோகேட் + எக்செல்

இந்த 6 மேன்ஹோலுக்கு இதுவே போதும். மேல்முனை இன்வர்ட்டிலிருந்து நீளம் × சாய்வைக் கழித்தால் கீழ்முனை இன்வர்ட். எக்செலில் ஒரே வரி. வில்லங்கம் திருத்தம் வரும்போதுதான். மேன்ஹோலை 2 மீ நகர்த்தினால் கோடு நீளும், பக்கத்தில் டெக்ஸ்டாக அடித்த மட்டம் பழையபடியே நிற்கும். சைட்டில் எதிர்ச்சாய்வு வருவதற்குப் பல நேரம் காரணம் இந்தப் பழைய டெக்ஸ்ட்தான்.

இதற்குப் பலர் பயன்படுத்தாத ஒரு வழி இருக்கிறது. டெக்ஸ்டுக்குப் பதிலாக ஃபீல்ட் (கோட்டிலிருந்து மதிப்பைத் தானே எடுக்கும் எழுத்து) போடுங்கள்: ஆப்ஜெக்ட், அந்தக் கோடு, லெங்த், பிறகு அடிஷனல் ஃபார்மேட்டில் கன்வர்ஷன் ஃபேக்டர் 0.005. அது 1:200-க்கான எண். இனி கோட்டின் நீளத்தை மாற்றி, படத்தைப் புதுப்பிக்கும் ரீஜென் கட்டளை கொடுத்தால் அந்தக் குழாயின் இறக்கம் தானாக மாறும். இன்வர்ட்டை மட்டும் நீங்கள்தான் கூட்டிக் கழிக்க வேண்டும். 20 மேன்ஹோலைத் தாண்டினால் இந்த முறை வேண்டாம்.

ரெவிட்

கட்டடத்துக்குள் இதற்கு இணை இந்த மூன்றில் வேறில்லை, ஏனென்றால் பீம் அதே மாடலில் இருக்கிறது. 28 மீ ஓடும் 110 மி.மீ. லைன் 1:80-இல் 350 மி.மீ. இறங்கும். அந்த 350 எந்த பீமின் அடியைத் தொடுகிறது என்று ஒரு செக்‌ஷன் வெட்டினாலே தெரிந்துவிடும்.

ஆனால் தொடங்குமுன் மெக்கானிக்கல் செட்டிங்ஸில் சாய்வு மதிப்புகளைச் சேர்த்துவைக்க வேண்டும். அங்கே இல்லாத சாய்வு வரையும்போது பட்டியலில் வராது. 1:80 என்றால் 1.25%, 1:40 என்றால் 2.5%. பைப் சைஸ் அட்டவணையில் உள்விட்டத்தையும் சரிபாருங்கள். 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாயில் 110 என்பது வெளிவிட்டம், சுவர் 3.2 மி.மீ. என்றால் உள்விட்டம் 103.6. அட்டவணை தப்பாக இருந்தால் ரெவிட் காட்டும் இன்வர்ட்டும் தப்பு.

வரையும் வரிசையில்தான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். எல்லாவற்றையும் மட்டமாக வரைந்துவிட்டு, கடைசியில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஸ்லோப் கொடுப்பார்கள். கிளைகள் கழன்றுகொள்ளும், அல்லது கன்ட்ரோல் பாயின்ட் (மட்டம் மாறாமல் நிற்கும் முனை) தப்பான முனையில் இருந்து, மாறக் கூடாத வெளியேறும் மட்டம் மாறிவிடும். மெயின் லைனை வெளியேறும் முனையிலிருந்து ‘ஸ்லோப் அப்’ வைத்து மேல்நோக்கி முதலில் வரையுங்கள். பிறகு ‘இன்ஹெரிட் எலிவேஷன்’ போட்டு, மெயினைத் தொட்டுக் கிளையைத் தொடங்குங்கள். ஃபிக்ஸ்சர்களை இணைப்பது கடைசி.

அடுத்த தலைவலி பெண்டு. மாடிகளிலிருந்து இறங்கும் செங்குத்துக் குழாயான ஸ்டாக்கும் 1:80 குழாயும் சேருமிடத்தில் கோணம் 90 அல்ல, சுமார் 0.7 டிகிரி தள்ளி. பெண்டு ஃபேமிலி (ரெவிட்டில் ஒரு பாகத்தின் மாடல்) 45, 90 மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டிருந்தால் ‘ஆட்டோ ரூட் கிடைக்கவில்லை’ என்ற ரகத்தில் பிழை வந்து நிற்கும். ஆங்கிள்ஸ் அமைப்பில் எந்தக் கோணமும் ஆகலாம் என்று விட்டுவிட்டால் பிழை போய்விடும், ஆனால் கடையில் கிடைக்காத 63 டிகிரி பெண்டுகளும் உள்ளே நுழையும். கோணம் சற்று வளைந்துகொடுக்கும் ஃபேமிலியைத் தேடிப் போடுவதே நல்லது. நிஜ எஸ்.டபிள்யூ.ஆர். பெண்டுகளே 87.5 டிகிரியில் வருவது சாய்வுக்காகத்தான்.

சிவில் த்ரீடி

குழாய் மண்ணுக்குள் போய்விட்டால் ரெவிட்டை விடுங்கள். குழாய்க்கு மேல் எத்தனை மண் மூடியிருக்கிறது என்று அது கவலைப்படாது. சிவில் த்ரீடி சர்வே சர்ஃபேஸை (அளந்த தரைமட்டத்தின் மாடல்) பார்த்து வேலை செய்கிறது. பார்ட்ஸ் லிஸ்டில் குழாய்க்கு ‘கவர் அண்ட் ஸ்லோப்’ ரூலும், மேன்ஹோலுக்கு ‘பைப் டிராப் அக்ராஸ் ஸ்ட்ரக்சர்’ ரூலும் போட்டால், மேலே கையால் போட்ட கணக்கை அது போட்டு புரொஃபைலும் வரைந்து தரும். 150 மி.மீ. குழாய் 200-இல் சேருமிடத்தில் டிராப் ரெஃபரன்ஸை இன்வர்ட்டில் வைக்காமல் கிரவுனில் (குழாய் உட்புறத்தின் மேல்மட்டம்) வையுங்கள். இல்லாவிட்டால் பெரிய குழாய் நிரம்பும்போது சின்னதில் நீர் எதிர்த்து ஏறும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மேன்ஹோலை கிரிப் பிடித்து நகர்த்தினால் ரூல்கள் மறுபடி தானாக ஓடாது. ‘அப்ளை ரூல்ஸ்’ கொடுக்க வேண்டும். இன்னொன்று, ரூல் மேலிருந்து கீழாகப் போகிறது. தெருச் சாக்கடையின் 1.80 மீட்டரை அது அறியாது. கடைசி மட்டம் கட்டாயமாக இருக்கும் வேலையில் ரூலை நம்பாமல், பைப் அட்டவணையில் கடைசிக் குழாயின் எண்ட் இன்வர்ட்டை அடித்து, ‘ஸ்லோப் (ஹோல்ட் எண்ட்)’ நெடுவரிசையில் சாய்வைக் கொடுத்து ஒவ்வொன்றாக மேலேறுங்கள். அதற்குப் பிறகு அப்ளை ரூல்ஸைத் தொட வேண்டாம், அடித்த மட்டங்கள் போய்விடும்.

ஆட்டோடெஸ்கின் ஏ.இ.சி. கலெக்‌ஷன் சந்தாவில் மூன்றுமே அடக்கம் என்பதால் அந்தச் சந்தா உள்ள அலுவலகத்தில் விலை பேச்சே இல்லை. வீட்டு மனை அளவு வேலைக்கு ஆட்டோகேட். பல மாடிக் கட்டடம் உள்ள வளாகம் என்றால் கட்டடத்துக்கு வெளியே உள்ள முதல் சேம்பர் வரை ரெவிட், அங்கிருந்து சிவில் த்ரீடி. அந்த சேம்பரின் இன்வர்ட் இரண்டு ஃபைலிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு திருத்தத்திலும் பாருங்கள். கட்டடக்காரர் ±0.000 வைத்திருப்பார், சர்வேக்காரர் கடல்மட்டத்திலிருந்து எழுதியிருப்பார். ஷேர்டு கோஆர்டினேட்ஸை (இரு ஃபைலுக்கும் பொதுவான இட, மட்ட அளவுகளை) முதல் நாளே பூட்டாவிட்டால் இரு குழாய்களும் சேம்பருக்குள் சந்திக்காது.