விஜயமங்கலம் பஸ்தி கோயில்: போகலாமா?

போகலாம். ஆனால் பழனி மாதிரி கூட்டம், பிரசாதக் கடை எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. பெருங்கதை காவியம் எழுதிய கொங்குவேளிரின் ஊரான விஜயமங்கலத்தில், சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களில் எட்டாமவரான சந்திரபிரபருக்கு எழுப்பிய சமணக் கோயில் இது.

பெருந்துறையிலிருந்து அவினாசி போகும் சாலையில், விஜயமங்கலத்தில் இறங்கணும். ரயிலில் என்றால் ஈரோடு – திருப்பூர் பாதையில் ஓடும் பாசஞ்சர். எக்ஸ்பிரஸை நம்ப வேண்டாம். இறங்கி "கோயில் எங்கேங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் நாகேசுவரர் கோயிலுக்கு அனுப்பிவிடுவாங்க. "சமணர் கோயில், பஸ்தி" என்று சொல்லிக் கேளுங்க.

கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தவறவிடுவது மண்டபத்திலுள்ள நிசீதிகைக் கல்வெட்டை. கர்நாடகத்தின் சிரவணபெலகொளாவில் கோமடேசுவரர் பெருஞ்சிலையை நிறுவிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை, 10ஆம் நூற்றாண்டில் இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதன் நினைவு அது. எழுத்து தேய்ந்திருக்கிறது. டார்ச்சை நேராக அடித்தால் கல் வெளுத்து ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுண்ணாம்பு, மாவு பூசிப் படிக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், கல் கெடும்.

விளக்கப் பலகையை நம்பிப் போகாமல், கோயிலைப் பற்றி முன்பே வாசித்துவிட்டுப் போவது நல்லது. தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்க. வெயில் காலத்தில் மதியம் கல்தரை பொசுக்கும், செருப்பில்லாமல் நிற்க முடியாது, காலையிலேயே போய்விடுங்க. உள்ளே நிதானமாகப் பார்க்க 1 மணி நேரம் போதும். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.